கசட்டுப் படுக்கையில் காளான் ஏறவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

கழிவுநீர்க் கசட்டில் தங்கிவிடும் மருந்து எச்சங்களைக் காளான் பூசணத்தை வைத்துச் சிதைக்க முடியுமா என்று தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் முயன்று பார்ப்பவர்களுக்கான குறிப்பு இது. கல்லூரி ஆய்வகமாக இருக்கலாம், சுத்திகரிப்பு நிலையத்தின் ஓரமாகப் போட்ட கொட்டகையாக இருக்கலாம். சிப்பிக் காளான் வளர்த்துக் கைபழகியவர்கள்தான் இதில் முதலில் திணறுவார்கள். வைக்கோலில் மளமளவென்று வெள்ளையாகப் படர்கிற அதே வித்து (காளான் விதை), கசட்டைக் கண்டதும் நின்றுவிடும். குறை பெரும்பாலும் வித்தில் இருக்காது, கசட்டில்தான் இருக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். விழுங்கும் மாத்திரையில் ஒரு பங்கு உடம்பில் மாறாமலேயே வெளியேறிச் சாக்கடைக்கு வருகிறது. பாராசிட்டமால் போன்றவை சுத்திகரிப்பு நிலையத்திலேயே பெருமளவு தீர்ந்துவிடும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் தண்ணீரோடு போகும், கசட்டில் அவ்வளவாக ஒட்டாது. சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகள் கசட்டில் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபின் எதற்கும் அசையாமல் தண்ணீர், கசடு என்று இரண்டு பக்கமும் போகும். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளை உடைக்கிற வெண்ணழுகல் பூசணங்களின் நொதிகள் ஆள் பார்த்து வேலை செய்வதில்லை. லிக்னினைப் போல வளையம் வளையமான மூலக்கூறு எது கிடைத்தாலும் கைவைக்கும். ஃபானெரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற பூசணம் டி.டி.டி., லிண்டேன் போன்ற பூச்சிக்கொல்லிகளை ஆக்சிஜனேற்றம் செய்கிறது என்று 1985-ல் வெளியான ஆய்வுதான் இந்தத் துறைக்குப் பிள்ளையார் சுழி. இப்போது அதிகம் பயன்படுபவை இரண்டு: பட்ட மரக்கட்டையில் வளையக்கோடுகளோடு தட்டையாக முளைக்கும் டிராமிடீஸ் வெர்சிகலர், அப்புறம் நம் சிப்பிக் காளான் இனம்.

கீழே நான் எடுத்துக்கொள்ளும் படுக்கை இப்படி: வீட்டுக் கழிவுநீர் நிலையத்தின் உலர்படுக்கையில் காய்ந்த கசடு, அதோடு எடையில் சரிபாதியாவது மரத்துண்டு, அதில் முன்கூட்டியே பூசணம் ஏற்றிய துண்டுகள் கொஞ்சம். மரத்துண்டுக்கு நம் பக்கத்தில் அலைய வேண்டியதில்லை. பட்டுப்புழு வளர்க்கிற வீடுகளில் இலை தின்றபின் குவியும் மல்பெரிக் குச்சியை விரல் நீளத்துக்கு வெட்டிக்கொண்டால் போதும். தனி வைக்கோலைவிட இது நல்லது. வைக்கோல் சீக்கிரம் மக்கிச் சப்பையாகிவிடும். குச்சி காற்றுக்கு இடம் விட்டு வாரக்கணக்கில் நிற்கும்.

இன்னொன்று. தொழிற்பேட்டைக் கழிவுநீர் நிலையத்துக் கசட்டை இதற்கு எடுக்காதீர்கள். அதில் பெரும்பகுதி 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளுக்குள் வருவது. காளான் விட்டுப் பார்க்கிற சமாச்சாரம் அல்ல. வீட்டுக் கசடானாலும் கையுறை, பூட்ஸ், முகக்கவசம் இல்லாமல் தொடக் கூடாது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையையோ கழிவுத்தொட்டியையோ சுத்தம் செய்ய ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; ‘மாதிரி எடுக்கத்தானே’ என்று சொல்லியும் யாரையும் இறக்காதீர்கள்.

வித்து போட்ட துண்டைச் சுற்றி மட்டும் வெள்ளை. கசட்டுக்குள் நுழையவே இல்லை

அதிகம் வரும் புகார் இதுதான். ஒரு கசட்டுக் கட்டியை எடுத்து இரண்டாகப் பிளந்து பாருங்கள். வெளியே பழுப்பு, உள்ளே கருப்பு, நடுவில் ஈரம் மின்னுகிறது என்றால் உள்ளே காற்றில்லை. பூசண இழை அந்தக் கருப்பின் ஓரம்வரை வந்து வரப்புப் போட்டதுபோல நின்றிருக்கும். கட்டியை உடைத்து, கொண்டைக்கடலை அளவுக்கு மேல் எதுவும் இல்லாதபடி சலித்துவிட்டு மறுபடி கலந்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது.

மீதிப் பாதி அம்மோனியா. மூக்கை நம்பாதீர்கள், கசட்டோடு பழகியவனின் மூக்கு அரை மணி நேரத்தில் மரத்துப்போகும். ஒரு மூடியுள்ள பாட்டிலில் கால்வாசி கசட்டுக் கலவையைப் போட்டு, காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்த பி.எச். தாளை மூடியின் உள்பக்கம் ஒட்டி மூடிவையுங்கள். கொஞ்ச நேரத்தில் தாள் நீலத்துக்குப் போனால் அம்மோனியா வாயு வந்துகொண்டிருக்கிறது. பி.எச். 8-ஐத் தாண்டும்போதும் சூடு ஏறும்போதும் கரைந்திருக்கும் அம்மோனியம், வாயு வடிவ அம்மோனியாவாக மாறும் பங்கு வேகமாகக் கூடும். அந்த வாயுதான் இழையைக் கொல்கிறது.

இதற்கு மருந்து ஊற்றுவதைவிடப் பொறுமை மேல். கசட்டை முதலில் மல்பெரித் துண்டோடு சேர்த்துச் சூட்டுக் கம்போஸ்ட்டாகப் போடுங்கள். குவியலின் நடுவில் 55° செ. வரவேண்டும். புரட்டிப் போடும் நீள்குவியலென்றால் 15 நாள் அந்தச் சூடு, அதற்குள் குறைந்தது 5 முறை புரட்டல் என்பது அமெரிக்கக் கசட்டு விதியின் கணக்கு. நமக்கும் அது நல்ல அளவுகோல். இதில் மூன்று காரியம் ஒன்றாக நடக்கும்: அம்மோனியா பறந்துவிடும், சுலபச் சர்க்கரைக்காக வித்தோடு மல்லுக்கட்டும் பாக்டீரியாக்களின் பிடி தளரும், நாக்குப்பூச்சி முட்டை சாகும். கடைசியது முக்கியம். 28 டிகிரியில் சொகுசாக ஓடும் காளான் படுக்கை அந்த முட்டைகளை ஒன்றும் செய்யாது. மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சூடு முதலில், காளான் பிறகு. இந்த வரிசையை மாற்றினால் இரண்டும் கெடும்.

சில இடங்களில் கிருமி நீங்கக் கசட்டில் சுண்ணாம்பு கலந்திருப்பார்கள். பி.எச். 12-ஐத் தொட்ட கசட்டில் எந்த வித்தும் பிழைக்காது. லாரிக்காரரிடமோ நிலையத்திலோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கலந்திருந்தால் மெல்லியதாகப் பரப்பி, அவ்வப்போது நனைத்து, காற்றிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்பைத் தணிக்கும்வரை விடவேண்டும். அவசரமென்றால் வேறு கசடு பார்ப்பதுதான் நல்லது.

பச்சைப் பூசணம் முந்திக்கொண்டது

டிரைக்கோடெர்மா. காளான் பண்ணை வைத்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. முதலில் வெள்ளையாக வரும், ‘ஆஹா’ என்று நினைப்பதற்குள் நடுவிலிருந்து பச்சைப் பொடி கிளம்பும். பெரும்பாலும் தவிட்டால் வந்த வினை: வித்து வேகமாக ஏறட்டும் என்று தவிடோ வெல்லத்தண்ணீரோ சேர்த்திருப்பார்கள். கசட்டில் ஏற்கெனவே தழைச்சத்து (நைட்ரஜன்) ஏராளம். அதில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்குமான விகிதம் பத்தை ஒட்டித்தான் இருக்கும், மரத்தூளிலோ அது சில நூறு. இன்னும் ஊட்டினால் வேகமாக வளர்கிறவன்தான் ஜெயிப்பான், அது டிரைக்கோடெர்மா. தவிட்டை நிறுத்திவிட்டு மரத்தைக் கூட்டுங்கள். வித்து அளவையும் கூட்டுங்கள். சமையல் காளானுக்குப் போடும் அளவு இங்கே போதாது; மொத்தக் கலவையில் பத்தில் ஒரு பங்காவது பூசணம் ஏறிய துண்டாக இருக்கட்டும்.

வைக்கோலைக் கார்பென்டாசிமும் ஃபார்மலினும் கலந்த தண்ணீரில் ஊறவைப்பது நம் ஊரில் வழக்கம். இங்கே வேண்டாம். மாசை நீக்கப் போட்ட படுக்கையில் நாமே ஒரு பூசணக்கொல்லியைக் கொண்டுவந்து கொட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆய்வகக் கணக்கிலும் அது குழப்பம் செய்யும். துண்டுகளை 80° செ. வெந்நீரில் ஒரு மணி நேரம் போட்டு எடுத்தால் போதும்.

பச்சை கையளவுக்குள் இருந்தால் சுற்றி ஒரு சாண் சேர்த்து வெட்டி, பையில் கட்டி வெளியே எடுங்கள். அதற்கு மேல் பரவியிருந்தால் அந்தப் படுக்கையைச் சூட்டுக் குவியலுக்கே திருப்பி அனுப்புங்கள்.

கருப்பு மை ஒழுகும் குடைகள் முளைக்கின்றன

நீங்கள் விடாத காளான். தண்டு நீளமாக, குடை மெல்லியதாக வந்து, ஒரே நாளில் கருப்பு மையாக உருகும். அம்மோனியா மிச்சமிருக்கும் இடத்தை மிகவும் விரும்பும் இனம் இது. ஆகவே இதைக் கண்டால் வித்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். சூட்டுக் குவியலைப் பாதியில் கலைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பிடுங்கிப் போட்டுவிட்டுக் கொஞ்ச நாள் காற்றோட்டம் கொடுத்தால் அதுவே அடங்கும்.

முட்டை அழுகிய வாடை

ஈரம் கூடிவிட்டது, காற்று போகவில்லை. ஒரு பிடி எடுத்து அழுத்திப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வந்தால் சரி. கோடாக ஒழுகினால் அதிகம். கை ஈரமாகக்கூட ஆகவில்லை என்றால் குறைவு. அதிகமென்றால் உலர்ந்த குச்சித் துண்டைச் சேருங்கள். மண்வெட்டி போட்டுத் தினம் புரட்டாதீர்கள். கம்போஸ்ட்டுக்குப் புரட்டல் நல்லது. காளான் படுக்கைக்கு ஒவ்வொரு புரட்டலும் இழையை அறுக்கிற வேலை. ஓட்டை போட்ட பி.வி.சி. குழாயை அடியில் கிடத்தி இரண்டு முனையையும் திறந்து வைத்தாலே பெரும்பாலும் போதும்.

பங்குனி பிறந்ததும் படுக்கை செத்துவிட்டது

இது கசட்டின் குற்றமில்லை, நம் ஊர் வெயில். டிராமிடீஸுக்கும் சிப்பிக்கும் 25-லிருந்து 28 டிகிரி சுகம். 35-க்கு மேல் தளரும், 40-ஐத் தாண்டினால் பெரும்பாலும் பிழைக்காது. காற்றே 38, 39 என்று கொதிக்கும்போது தானாகச் சூடு உண்டாக்கும் குவியலின் நடு எங்கே நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஓசூர் 900 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது, தருமபுரி அதில் பாதி. அதனால் ஓசூர்ப் பக்கம் வருஷத்தில் நிறைய மாதம் ஓடும் முறை, தருமபுரியில் ஆடியிலிருந்து மாசி வரைதான் நம்பிக்கையாக ஓடும்.

படுக்கையின் உயரத்தை முழங்காலுக்குக் கீழே வையுங்கள். நிழல்வலை, நனைத்த கோணி, தென்னங்கீற்றுக் கூரை எல்லாம் உதவும். தகரக் கூரை போட்டுவிட்டு மேலே தண்ணீர் தெளிப்பவர்களும் உண்டு. அந்தத் தண்ணீர்ச் செலவுக்குக் கீற்றே மேல். வெப்பமானியைப் படுக்கையின் மேலே மாட்டாமல் நடுவில் குத்தி வையுங்கள். கோடையிலும் ஓட்டியே ஆகவேண்டுமென்றால் வெயில் தாங்கும் இளஞ்சிவப்புச் சிப்பி ரகத்தை முயலலாம். பால் காளான் இன்னும் சூடு தாங்கும்தான், ஆனால் அது மக்கிய குப்பையில் வாழும் இனம். மரம் தின்னும் பூசணத்தின் நொதி வேலையை அதனிடம் எதிர்பார்த்து மாற்றாதீர்கள்.

படுக்கை முழுக்க வெள்ளை, ஆனால் நொதி இல்லை

பார்க்க அழகாக இருக்கும். படம் எடுத்து அனுப்புவார்கள். ஆனால் வெள்ளை இழை என்பது பூசணம் உயிரோடு இருப்பதற்கான அடையாளம்; அது வேலை செய்கிறது என்பதற்கான அடையாளமல்ல.

சோதனை எளிது. படுக்கையிலிருந்து ஒரு மல்பெரித் துண்டை எடுத்து, பட்டையை உரித்து, வெள்ளை படர்ந்த இடத்தில் நீர்த்த குவயகால் என்ற வேதிப்பொருளின் கரைசலை ஒரு சொட்டு விடுங்கள். லிக்னினை உடைக்கும் லாக்கேஸ் என்ற நொதி இருந்தால் சில நிமிடத்தில் சொட்டு விழுந்த இடம் வெற்றிலைச் சாறு துப்பியதுபோலச் செம்பழுப்பாகும். பக்கத்திலேயே வித்து போடாத, வெந்நீரில் அவித்த துண்டிலும் ஒரு சொட்டு விடுங்கள். அதுவும் சிவந்தால் உங்கள் சோதனையே தப்பு. ஆய்வகத்தில் ஏ.பி.டி.எஸ். என்ற நிறச் சோதனைப் பொருள் இருந்தால் நிறமில்லாத கரைசல் பச்சை நீலமாவதைக் கருவியில் அளந்து எண்ணாகவே எழுதலாம்.

நிறம் வரவில்லையா? மூன்று இடத்தில் தேடுங்கள்.

தழைச்சத்து முதலாவது. ஃபானெரோகீட், தழைச்சத்துக்குப் பஞ்சம் வந்தால்தான் லிக்னின் பெராக்சிடேஸ் என்ற நொதியைச் சுரக்கும். கசட்டில் அந்தப் பஞ்சம் வராது. அதனால்தான் இந்த வேலைக்கு டிராமிடீஸும் சிப்பியும் பொருத்தம். தழைச்சத்து இருந்தாலும் அவை ஓரளவு லாக்கேஸ் கொடுக்கும். ஃபானெரோகீட் வைத்திருந்தால் இனத்தை மாற்றுங்கள், வேறு வழியில்லை.

பி.எச். இரண்டாவது. லாக்கேஸுக்கு 4-லிருந்து 5 வரை பிடிக்கும், கசடு 7-ஐத் தாண்டி நிற்கும். மரத்தைத் தின்னும்போது பூசணம் தன்னைச் சுற்றி அமிலத்தைக் கக்கித் தானே இடத்தைப் பண்படுத்திக்கொள்ளும். மரம் குறைவாக இருந்தால் அது முடியாது. ஆக மறுபடியும் குச்சிதான் விடை.

மூன்றாவது தண்ணீர். இதை வெளியூர்க் கட்டுரைகளில் காணமாட்டீர்கள். தருமபுரி ஆழ்குழாய்த் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளோரைடு, குடிநீருக்கான உச்ச வரம்பாகிய லிட்டருக்கு 1.5 மி.கி.-ஐத் தாண்டும். பல் கறை பார்த்தே ஊர் சொல்லிவிடுவார்கள். ஃபுளோரைடு அயனி லாக்கேஸின் செம்பு மையத்தில் ஒட்டிக்கொண்டு நொதியைத் தடுக்கும் ஒன்று. கசட்டிலிருக்கும் கால்சியம் அதில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் படுக்கையில் பாதிப்பு குறையலாம். ஆனால் நொதிச் சோதனைக் கரைசலை அந்தத் தண்ணீரில் தயாரித்தால் அளவு பொய் சொல்லும். அதோடு இந்தத் தண்ணீரின் உப்பும் காரத்தன்மையும் தெளிக்கத் தெளிக்கப் படுக்கையில் சேரும். மழைநீர் இருந்தால் அதைத் தெளியுங்கள். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரென்றால் குளோரின் போகட்டும் என்று ஒரு ராத்திரி திறந்த வாளியில் வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

செம்பு உப்பு போட்டால் லாக்கேஸ் கூடும் என்று படித்துவிட்டு மயில்துத்தம் வாங்கப் போகாதீர்கள். ஆய்வகக் குடுவையில் சரி. கசட்டில் செம்பு ஏற்கெனவே இருக்கிறது, பின்னால் அதுவே தலைவலியாகும்.

ஆரம்பத்தில் நன்றாக ஏறியது, மூன்றாவது வாரம் மங்குகிறது

பாக்டீரியா திரும்பிவிட்டது. கிருமி நீக்காத கசட்டில் இது இயல்பு. பூசணம் என்றைக்கும் அங்கே விருந்தாளிதான். பார்சிலோனா தன்னாட்சிப் பல்கலைக்கழக ஆய்வுக் குழு டிராமிடீஸை வைத்து 42 நாள் நடத்திய சோதனை இதற்கு நல்ல வழிகாட்டி. நடுவில் மறுபடி வித்து போட்டார்கள், இரண்டு விதமாக. பூசணம் ஏறிய மரத்துண்டைக் கூடுதலாகச் சேர்த்த குவியலில் மருந்துகள் 69 சதவீதம் நீங்கின. மிக்சியில் அடித்தாற்போல் அரைத்த பூசண இழைக் குழம்பைக் கலந்த குவியலில் 86 சதவீதம். மறுவித்து போடாத பழைய குவியல்களைவிட இவை மேல்.

நம் சூழலில் குழம்பு தயாரிக்கத் திரவ வளர்ப்பு வேண்டும், அதற்குச் சுத்தமான ஆய்வகம் வேண்டும். கல்லூரியோடு சேர்ந்து செய்கிறவர்கள் குழம்பு முறைக்கே போங்கள். கொட்டகை மட்டும் இருப்பவர்களுக்குத் துண்டு முறைதான் கைக்கெட்டியது. மங்கும்வரை காத்திராமல் மூன்றாவது வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.

சின்ன ஈக்கள் மொய்த்தாலும் இதே மங்கல் வரும். அவற்றின் புழு இழையைத் தின்றுவிடும். கொசுவலையும் மஞ்சள் ஒட்டுப்பொறியும் போதும்.

காளான் முளைத்துவிட்டது

“ஏங்ணா, இவ்ளோ நல்லா வந்திருக்கு, பறிச்சுக்கலாமா?” என்று கொட்டகையில் வேலை செய்கிறவர் கட்டாயம் கேட்பார். கேள்வியில் தப்பில்லை, பார்வைக்குச் சந்தைக் காளானைவிடக் கொழுகொழுவென்று இருக்கும். கூடவே கூடாது என்று முதல் நாளே சொல்லி, பலகையும் எழுதி வையுங்கள். சிப்பிக் காளான் காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சித் தன்னில் சேர்த்துக்கொள்ளும். மொட்டிலேயே கிள்ளிக் குவியலுக்குள் புதையுங்கள். விரியவிட்டால் குடையின் அடியிலிருந்து நுண்தூள் பறந்து உள்ளே வேலை செய்பவர்களுக்கு இருமலும் மூச்சுத்திணறலும் வரும். மாட்டுக்கும் போடக் கூடாது.

ஆய்வக அறிக்கையில் மருந்தின் அளவு கூடியிருக்கிறது

பயப்படாதீர்கள். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் முயற்சியையே கைவிடுகிறார்கள், பாவம், கணக்கைச் சரியாகப் போட்டிருந்தால் வெற்றி என்று தெரிந்திருக்கும்.

ஆய்வகம் தருவது ஒரு கிலோ உலர்கலவைக்கு எத்தனை மி.கி. என்ற செறிவு. காளான் மரத்தைத் தின்னத் தின்ன மொத்த எடை குறைகிறது. ஒரு உதாரணம்: 100 கிலோ உலர்கலவையில் கிலோவுக்கு 2 மி.கி. என்றால் மொத்தம் 200 மி.கி. மருந்து. முடிவில் 75 கிலோதான் மிச்சம், செறிவு 2.2 மி.கி. என்று வருகிறது. அறிக்கை ‘கூடிவிட்டது’ என்கிறது. பெருக்கிப் பாருங்கள்: 165 மி.கி. ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. முழுக் குவியலை நிறுக்க முடியாதென்றால் சாம்பலை வைத்துக் கணக்குப் போடலாம். மாதிரியை உலையில் எரித்தால் மிஞ்சும் சாம்பலைப் பூசணம் தின்பதில்லை. தொடக்கத்தில் சாம்பல் 40 சதவீதம், முடிவில் 53 சதவீதம் என்றால் எடை நான்கில் மூன்றாகச் சுருங்கியிருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

எடைக்கணக்கு போட்ட பிறகும் கூடுகிறதா? அப்போது இரண்டு காரணம். ஒன்று, உடம்பு மருந்தை வெளியேற்றும்போது குளுகுரோனைடு போன்ற ஒரு வாலை ஒட்டி அனுப்பும். ஆய்வகம் தேடுவது வால் இல்லாத மருந்தை. நுண்ணுயிர்கள் அந்த வாலை வெட்டியதும் மறைந்திருந்த மருந்து கணக்கில் எட்டிப்பார்க்கிறது. இன்னொன்று, கட்டியாக இருந்த கசடு பொலபொலவென்று ஆனதும், மருந்தைப் பிரித்தெடுக்க ஆய்வகம் ஊற்றும் கரைப்பான் உள்ளே நன்றாகப் புகுந்து முன்பு எடுக்க முடியாததையும் எடுத்துவிடுகிறது. இரண்டுக்குமே நாள் இடைவெளி விட்டுப் பல மாதிரி எடுத்தால் முதலில் ஏறிப் பிறகு இறங்கும் கோடு தெரியும். தொடக்கம், முடிவு என்று இரண்டே மாதிரி எடுத்தவருக்கு அது தெரியாது.

மருந்து 90 சதவீதம் போய்விட்டதாம்!

இதற்குத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும்.

கசடும் மரமும் சரிபாதி கலந்தவுடனேயே செறிவு பாதியாகிவிடும். பூசணம் இன்னும் கண் திறக்கவில்லை. அடுத்து, சூட்டுக் கம்போஸ்ட்டிலேயே இப்யூபுரோஃபன் போன்றவை குறையும், அதைக் காளான் கணக்கில் எழுதக் கூடாது. தொடக்க அளவு என்பது வித்து போட்ட அன்றைக்கு, கலவையிலிருந்து எடுத்த மாதிரியாக இருக்கவேண்டும். அப்புறம், லிக்னின் உடைந்து வரும் பழுப்புச் சாயம் கருவிக்குள் போனால் மருந்தின் சைகையை அமுக்கிவிடும். ஆய்வகத்தில் ஐசோடோப்பு ஏற்றிய அக அளவுகோல் (மாதிரியோடு கலந்து ஒப்பிட்டு அளக்கும் பொருள்), உதாரணமாக டியூட்டீரியம் ஏற்றிய கார்பமாசெபின், சேர்த்து ஓட்டினார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த 90-ஐ நம்பாதீர்கள்.

குறைந்தது மூன்று படுக்கை ஒரே நாளில் போடவேண்டும்: வித்து போட்டது, அதே அளவு வெறும் துண்டு போட்டது, ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலத்தில்) கொன்ற வித்து போட்டது. மூன்றாவதிலும் மருந்து குறைந்தால் அது சிதையவில்லை, இழையிலும் மரத்திலும் ஒட்டிக்கொண்டு கரைப்பானுக்கு வராமல் இருக்கிறது. முதலாவதுக்கும் மற்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் காளானின் சம்பாத்தியம். படுக்கையில் பத்து இடத்தில் மாதிரி எடுத்து, ஒன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காக வகுந்து, எதிரெதிர் இரண்டு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி கலந்து சுருக்குங்கள். மேல்பரப்பில் வெள்ளையாகத் தெரியும் இடத்தில் மட்டும் கிள்ளி அனுப்பினால் நல்ல எண்தான் வரும்.

எந்த மருந்து குறைந்தது என்பதும் ஒரு துப்பு. வலி நிவாரணியான டைக்ளோஃபினாக் இளிச்சவாயன், திரவத்தில் வளர்த்த டிராமிடீஸ் உருண்டைகள் அதில் பெரும்பங்கை ஒரு மணி நேரத்திலேயே எடுத்துவிடும். 2006-ல் கால்நடைக்குத் தடை செய்யப்பட்ட, பிணந்தின்னிக் கழுகுகளை அழித்த அதே மருந்துதான். மனிதர்களுக்கு இன்றும் ஊரெல்லாம் ஓடுகிறது. இதை வைத்து வெற்றி சொல்வது சுலபம். கார்பமாசெபின் குறைந்தால்தான் நான் திரும்பிப் பார்ப்பேன். டைக்ளோஃபினாக் குறையாமல் கார்பமாசெபின் மட்டும் ‘குறைந்த’ அறிக்கை வந்தால் மாதிரி மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

மருந்து போய்விட்டது, ஆனால் விதை முளைக்கவில்லை

மூலக்கூறு மறைந்தது என்றால் தீங்கும் மறைந்தது என்று ஆகாது. கார்பமாசெபின் சிப்பிக் காளானிடம் முதலில் எபாக்சைடாக மாறும். சில பாதைகளில் அக்ரிடோன் போன்றவை வரும். அறிக்கையில் அவற்றையும் தேடச் சொல்லுங்கள்.

ஆனால் விதை முளைக்காததற்கு உடனே மருந்தைக் குற்றம் சொல்லவேண்டாம். முதலில் உப்பும் அம்மோனியாவும். கலவையை 1-க்கு 10 என்று காய்ச்சி வடித்த தண்ணீரில் கலக்கி வடித்து, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனைப் பாருங்கள். பிறகு வடித்த நீரை நீர்க்க நீர்க்க, கேழ்வரகு விதையையும் தண்டுக்கீரை விதையையும் வடிதாளில் முளைக்க வையுங்கள். கொஞ்சம் நீர்த்ததுமே முளைத்தால் பெரும்பாலும் உப்பு. அம்மோனியாவுக்கு மேலே சொன்ன பாட்டில் சோதனைதான். வித்து போடாத படுக்கையின் சாற்றில் முளைத்து, வித்து போட்டதன் சாற்றில் முளைக்கவில்லை என்றால்தான் உருமாறிய பொருள்மேல் சந்தேகம் கொள்ளுங்கள். அப்போதும் படுக்கையைக் கலைக்காமல் இன்னும் சில வாரம் விட்டு மறுபடி சோதியுங்கள். இடைப்பொருள் பலவும் பூசணத்துக்கு அடுத்த இரைதான்.

எல்லாம் சரி, நிலத்தில் போடலாமா?

உலோகத்தைப் பூசணம் சிதைக்காது. எடை சுருங்கியதால் கிலோவுக்கான செறிவு கூடித்தான் இருக்கும். மேலே போட்ட அதே சாம்பல் கணக்கு இங்கே எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கம்போஸ்ட்டுக்கு வைத்திருக்கும் உச்ச அளவுகள், கிலோவுக்கு மி.கி. கணக்கில்: காட்மியம் 5, குரோமியம் 50, நிக்கல் 50, ஈயம் 100, செம்பு 300, துத்தநாகம் 1000, ஆர்செனிக் 10, பாதரசம் 0.15. கசடு இந்த வரம்புக்கு அருகில் தொடங்கினால் முடிவில் தாண்டிவிடும். ஆகவே உலோகச் சோதனையை முதல் நாளே செய்துவிடுங்கள், ஆறு வார உழைப்பு மிச்சம்.

வரம்புக்குள் இருந்து, நாக்குப்பூச்சி முட்டைச் சோதனையிலும் தேறி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியும் கிடைத்தால் சாலையோர மரக்கன்று, தைலமரம், மல்பெரி அல்லாத வேலிமரங்கள் என்று தொடங்கலாம். மல்பெரியை ஏன் விலக்குகிறேன் என்றால் இலையை அப்படியே புழு தின்கிறது; மிச்சமிருக்கும் ஏதோ ஒன்று புழுவை என்ன செய்யும் என்று பார்க்கக் பட்டுக்கூடு எடுக்கும் குடும்பத்தின் ஒரு வளர்ப்புப் பருவத்தைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமையில்லை. கீரைக்கும் கிழங்குக்கும் போடவேண்டாம். மாந்தோப்புக்காரர்கள் கேட்டு வருவார்கள். ஆன்டிபயாடிக் அளவையும் பார்த்த அறிக்கை கையில் இருந்தால் மட்டும் கொடுங்கள்.